வாக்கியத்தில் போடு

இங்கிலீஷ் டியூஷன் எடுக்கும் இடியம் சாருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. கை கால் முக்கால்வாசி திரும்பிவிட்டது. பேச்சு மட்டும் அடம் பிடித்தது. தண்ணீர் என்று கேட்க வராது. முப்பது வருஷம் கூடவே இருந்த மனைவியின் பெயர் வராது. ஆனால் திடீரென்று சம்பந்தா சம்பந்தமில்லாமல் இங்கிலீஷில் எதையாவது சொல்வார். ஒருநாள் ஜன்னலைப் பார்த்து, "கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" என்றார். வீட்டில் பூனையும் இல்லை, நாயும் இல்லை. பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த மனைவி மிஷினை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். மனுஷன் உள்ளே இருக்கிறாரா, இல்லையா?

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணுக்கும் அதே சந்தேகம்தான்.

"நாம பேசறது அவருக்குப் புரியுதான்னே தெரியலம்மா. வெள்ளிக்கிழமை கடைசியா ஒரு தடவை பாக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா, இந்த இடத்த வேற நோயாளிக்குக் குடுத்தாகணும்."

வியாழக்கிழமை, அவர் டியூஷன் எடுத்த முன்னறையை மனைவி பெருக்கப் போனபோது அலமாரியில் ஒரு நோட்டு கிடைத்தது. அவர் கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம், அவருக்குப் பட்டப்பெயர் வாங்கித் தந்த 'இடியம்' என்ற இங்கிலீஷ் மரபுத்தொடர், எதிரே தமிழில் அர்த்தம், கீழே ஒரு வாக்கியம். எழுத்துக் கூட்டிப் படித்தாள். கேட்ஸ் அண்ட் டாக்ஸ்: மழை கொட்டோ கொட்டென்று கொட்டுவது.

துடைப்பம் கையிலிருந்து நழுவியது. அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே பிய்த்துக்கொண்டல்லவா ஊற்றியது!

அடுப்பில் வைத்ததை மறந்து புரட்டினாள். உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டதற்கு, "அண்டர் த வெதர்" என்றாரே? உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தமாம். நடைப்பயிற்சி முடிந்ததும், "பீஸ் ஆஃப் கேக்"? சர்க்கரை வியாதிக்காரருக்குக் கேக் ஒரு கேடா என்று எரிந்து விழுந்தாளே! நடந்தது ரொம்பச் சுலபம் என்றல்லவா பெருமையடித்திருக்கிறார், பாவி மனுஷன்! ஒற்றைச் சொல் தங்காத அந்த மண்டைக்குள், சாயங்காலந்தோறும் பிள்ளைகளைக் கத்தவைத்த தொடர்கள் மட்டும் ஒரு கீறல் விழாமல் கிடந்தன.

கடைசிப் பக்கத்தில், ஆல் இயர்ஸ்: முழுக் கவனத்தோடு கேட்பது. வாக்கியம்: என் மனைவி பேசும்போது நான் ஆல் இயர்ஸ்.

"பச்சைப் பொய்!" என்று அழுகையோடு சிரித்தாள். முப்பது வருஷமாகப் பேப்பருக்குப் பின்னாலிருந்து 'ம்' கொட்டியதைத் தவிர அவர் என்னத்தைக் கேட்டார்?

வெள்ளிக்கிழமை, பயிற்சிப் பெண் சாவியின் படத்தைக் காட்டினாள். "இது என்ன சார்?"

அவர் உதடு துடித்தது. நெற்றியில் வியர்த்தது. ஒன்றும் வரவில்லை. பயிற்சிப் பெண் அவர் பெயரை அடிக்கப் பேனாவைத் திறந்தாள்.

"கொஞ்சம் இருங்கம்மா. அவர் வகுப்புல கேக்கற மாதிரி நான் கேட்டுப் பாக்கறேன்." மனைவி அந்த நோட்டை அவளிடம் நீட்டிவிட்டு எழுந்து, பெஞ்சுப் பிள்ளைகள் முன்னால் அவர் நிற்பதைப் போலவே விறைப்பாக நின்றாள். "ஒருத்தன் ரகசியத்த உளறிக் கொட்டிட்டான். சொல்லுங்க பாப்போம்!"

"லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்."

பேனா நின்றது. ஆனாலும் அந்தப் பெண் லேசில் மசியவில்லை. "மனப்பாடமா வருதோ என்னவோ. நோட்டுல இல்லாததக் கேளுங்க."

மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டாள். "ஏங்க, நீங்க சமையல்கட்டுல எனக்கு எப்பல்லாம் ஒத்தாசை பண்ணீங்கன்னு இவங்ககிட்ட சொல்லுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். பயிற்சிப் பெண்ணைப் பார்த்தார். நல்ல பக்கத்து உதடு மெல்ல மேலே போனது.

"ஒன்ஸ் இன் அ ப்ளூ மூன்."

"அத்தி பூத்த மாதிரியாம்!" அந்தப் பெண் சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "அடேயப்பா! கிண்டல் பண்றாரும்மா. புரியாம யாராவது கிண்டல் பண்ண முடியுமா? திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க. எத்தனை மாசமானாலும் சரி."

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். உள்ளே ஆள் இருக்கிறார். ஐந்து மாதமும் முழுசாக இருந்திருக்கிறார். "நான் பாட்டுக்கு உங்கள ஒரு பொம்மை மாதிரி..."

அவர் நல்ல கையால் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரும்வரை காத்திருந்தார்.

"ஆல் இயர்ஸ்," என்றார்.

ஐந்து மாதக் கதையை அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவர் ஒரு தடவைகூட 'ம்' கொட்டவில்லை.