பாயேன் முட்

எழுபத்தெட்டாம் வருஷமே கீழ்பென்னாத்தூர் சக்கரபாணி பட்டாளத்து அதிகாரியாகியிருப்பான். கெடுத்தது இரண்டே சொல்.

திருவண்ணாமலைக் கல்லூரியில் மூன்று வருஷமாக என்.சி.சி.யில் இருந்தான். அவன் துடைத்த பூட்ஸில் மலை தெரியும். உற்றுப் பார்த்தால் மலையேறுகிறவன் சட்டைப் பொத்தானும் தெரியும். கடலைக்கொல்லையில் மல்லாட்டை பறிக்க வரும் ஆட்களிடம் அவன் அப்பா இப்போதே "எங்க கேப்டன்" என்றுதான் பேசுவார்.

அதிகாரிப் பயிற்சிக்கு ஆள் பொறுக்க வடக்கேயிருந்து ஒரு மேஜர் வந்தார். ஒரே ஒரு பெயர்தான் எடுப்பாராம். அடுத்த வருஷமென்றால் சக்கரபாணிக்கு வயது தாண்டிவிடும்.

மேஜர் முன்னால் அணிவகுத்தபோது சக்கரபாணிக்குப் பக்கத்தில் நின்றவன் குலாம் ரசூல். பரேடு முடிந்து போடும் பூரிக்காகவே சேர்ந்தவன்.

அங்கே எல்லாம் 'லெப்ட் டர்ன்', 'ரைட் டர்ன்'தான். இந்திக் கட்டளை அந்த மைதானத்துப் புல்லுக்குக்கூடத் தெரியாது. மேஜர் சக்கரபாணிக்கு நேர் எதிரே நின்று முழங்கினார்: "பாயேன்... முட்!"

பாயேன் என்கிறார். முட்டு என்கிறார். யாரை என்று சொல்லவில்லை. எதிரே இருப்பது அவர் ஒருவர்தான்.

சக்கரபாணி பாய்ந்தான். மேஜரின் வயிற்றில் முட்டினான். அவர் தொப்பி பறந்துபோய் மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் விழுந்தது என்பார்கள். புளுகு. ரமணாசிரமத்துப் பக்கந்தான் விழுந்தது.

மற்றவர்கள் மரமாக நின்றார்கள். வீட்டில் உருது பேசுகிற குலாம் ரசூல் மட்டும் அழகாக இடப்பக்கம் திரும்பி நின்றான்.

மேஜர் மூச்சு வந்ததும் இந்தியில் ஏதோ கேட்டார்.

"நீ ஏன் முட்டுனேனு கேக்கறாருடா" என்றான் குலாம்.

"அவருதானே பாயச் சொன்னாரு, முட்டச் சொன்னாரு! ரெண்டுல எதைடா நான் கம்மி பண்ணேன்? சொல்லுடா அவருகிட்ட!"

குலாம் சொன்னான். மேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சக்கரபாணிக்கு உயிர் வந்தது. சிரித்து முடித்த மேஜர், சிவப்புப் பென்சிலால் அவன் பெயரை அடித்துவிட்டுக் குலாம் பெயரைச் சுழித்தார்.

"சிரிச்சாரேடா!"

"சிரிச்சாரு மச்சான். ஆனா, சொன்னதை அப்படியே செய்யறவன் சிப்பாயிக்குத்தான் ஆவான், ஆபீசருக்கு ஆவ மாட்டானாம்."

சக்கரபாணி பெல்ட்டைக் கழற்றித் தரையில் அடித்தான்.

"மூணு வருஷமா இங்க அதைத் தவிர வேற என்னடா சொல்லிக் குடுத்தானுங்க?"