டென்பியின் இரண்டாவது கியர்

பெவர்லியின் கராஜில் ஒரு மஞ்சள் கார் இரண்டு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. கதவு இருந்தது, சக்கரம் இருந்தது, ஸ்டியரிங் இருந்தது. இருக்கைகளுக்குப் பின்னால், எஞ்சின் இருக்க வேண்டிய பள்ளத்தில் மட்டும் அவள் கணவன் ஹவர்ட் வெங்காயம் உலர்த்திக்கொண்டிருந்தான்.

அது கடையில் வாங்கி ஓட்டிவருகிற கார் அல்ல. துண்டு துண்டாகப் பெட்டியில் வந்து, வீட்டில் உட்கார்ந்து பூட்டிக்கொள்ள வேண்டிய கிட் கார். பாதி பூட்டிவிட்டு போர்ச்சுகலுக்குக் குடிபோன ஒருவரிடமிருந்து பெவர்லி அதை வாங்கியபோது, ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அவள் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருக்கிறவள். வயது ஐம்பத்தொன்று. இரண்டு குளிர்காலம் கையேட்டை வரி விடாமல் படித்து, பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் தானே பூட்டி முடித்தாள். மிச்சம் எஞ்சினும் கியர்பாக்ஸும்தான். அவை பெட்டியில் வராது. பழைய கார் ஒன்றைப் பிடித்து, அதன் வயிற்றிலிருந்து எடுத்து இதன் வயிற்றில் வைக்க வேண்டும்.

எந்தக் காரைப் பிடிப்பது என்பதற்கு லவுத் ஊரில் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். அதிலும் இரண்டு பேர் ஓயவே மாட்டார்கள். ஒருவன் அவள் தம்பி ராட்னி. இன்னொருவர் பக்கத்து வீட்டு டெஸ்மண்ட்; முப்பது வருஷம் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை காலை மூன்று பேரும் சந்தைக்கு எதிரே உள்ள காபி கடையில் உட்காருவார்கள். முட்டையும் பன்றி இறைச்சியும் வருவதற்குள் சண்டை ஆரம்பித்துவிடும்.

ராட்னிக்கு மோட்டார் சைக்கிள் எஞ்சின்தான் வேண்டும். கைக்குழந்தை எடைதான் இருக்கும், பதினோராயிரம் சுற்று சுற்றும், பந்தய கார் மாதிரி கத்தும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான்.

"ரிவர்ஸ் போகணும்னா?" என்று கேட்டாள் பெவர்லி.

"அதுல ரிவர்ஸ் கிடையாது. இறங்கித் தள்ளிக்க வேண்டியதுதான்."

"யாரு தள்றது?"

"ஹவர்ட் எதுக்கு இருக்கான்?"

டெஸ்மண்ட் இதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. அவர் வசம் ஒரு வேனின் டீசல் எஞ்சின் இருந்தது. ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடியும் இருமல்கூட வராத எஞ்சின் என்றார். அதன் எடையைக் கேட்டதும் பெவர்லி தட்டின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினாள். தட்டின் மறுபக்கம் எழும்பி நின்றது. "என் கார் இப்படித்தான் போகும், டெஸ்மண்ட். எனக்கு வானம்தான் தெரியும்."

அவளுக்கு எப்படிப்பட்ட கார் வேண்டும் என்று இருவரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளிடமும் தயாராகப் பதில் இருந்திருக்காது. ஏறி உட்கார்ந்தால் புது ஆளிடம் பேசுகிற மாதிரி இருக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பல் சுத்தம் செய்துகொள்ள கிளினிக்குக்கு மிஸ்டர் டென்பி வந்தார். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். பெவர்லிக்கும்தான். நாற்பத்திரண்டு வயதில் அவரிடம் சேர்ந்து, ஐந்தாவது தடவை பரீட்சை எழுதித்தான் அவள் லைசென்ஸ் வாங்கினாள். இந்த வாரத்தோடு தொழிலை விட்டுவிட்டதாக அவர் சொன்னார். பெவர்லி ஓட்டிப் பழகிய அதே காரை, சிக்னலில் நிற்கும்போது ஒரு டிராக்டர் பின்னால் வந்து இடித்துவிட்டது. காரின் பின்பக்கம் அப்பளம். முன்பக்கத்தில் கீறல்கூட இல்லை. ஆனாலும் இன்சூரன்ஸ்காரர்கள் அதைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டார்கள்.

பெவர்லி அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட மறந்துபோனாள். கையேட்டில் மூன்றாம் பக்கத்தில், இந்தக் கிட்டுக்குப் பொருந்தும் என்று போட்டிருந்த ஆயிரத்து அறுநூறு சிசி எஞ்சின் அந்தக் காரில்தான் இருந்தது.

சனிக்கிழமை அவள் விஷயத்தைச் சொன்னபோது, ராட்னியும் டெஸ்மண்டும் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரே பேச்சுப் பேசினார்கள். ஓட்டத் தெரியாதவர்கள் வருஷக்கணக்கில் போட்டு நொறுக்கிய கியர்பாக்ஸை இலவசமாகக் கொடுத்தாலும் தொடக் கூடாது என்றார்கள். தொடக் கூடாது என்றவர்கள்தான் மறுநாள் அவளுக்கு முன்னால் டென்பி வீட்டு வாசலில் நின்றார்கள்.

டென்பியின் வீடு ஒரு பழைய உருளைக்கிழங்குப் பண்ணை. பின்னால் கால்பந்து மைதானம் அளவுக்கு ஒரு சிமெண்ட் முற்றம். அங்கே கார் நின்றது, பின்பக்கத்தை நீலத் தார்ப்பாயால் மூடிக்கொண்டு. எஞ்சின் கணக்கை டென்பி ஒளிக்காமல் சொன்னார். வேளாவேளைக்கு எண்ணெய் மாற்றியிருக்கிறார், வேகமாக யாரையும் ஓட்ட விட்டதில்லை. கிளட்ச் மட்டும் மூன்று தடவை மாற்றியாயிற்று.

"கியர்பாக்ஸ்?" என்று கேட்டார் டெஸ்மண்ட்.

"ஓட்டிப் பாருங்க" என்றார் டென்பி.

ராட்னி முதலில் ஏறினான். முதல் கியரில் அழகாகக் கிளம்பினான். இரண்டாவதுக்கு மாற்றியபோது, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம் வந்து, கூரையில் இருந்த புறாக்கள் பறந்துபோயின. அடுத்து டெஸ்மண்ட் ஏறினார். பஸ்ஸே ஓட்டியவனுக்கு இது என்ன பிரமாதம் என்ற முகத்தோடு போனார். அதே இடத்தில் அதே சத்தம். இறங்கிவந்து, தலையை ஆட்டிவிட்டுக் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு பெவர்லி ஏறினாள். டென்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த கணத்திலேயே அவள் பாடத்துக்கு வந்தவள் போல நிமிர்ந்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். கிளட்சை எவ்வளவு விட்டால் வண்டி நகரும் என்று அவள் இடதுகாலுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. முதல் கியர். கொஞ்ச தூரம். லீவரை நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, அந்த இடைவெளிக்கு டென்பி பழக்கியிருந்தபடி 'பிஸ்கட்' என்று மனதுக்குள் ஒரு தடவை சொல்லிவிட்டு இரண்டாவதுக்குத் தள்ளினாள். வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி விழுந்தது. ஒரு சத்தம் இல்லை.

"பிஸ்கட்டை மறக்கல போலிருக்கு" என்றார் டென்பி.

"எல்லாருக்கும் அதைத்தானே சொல்லிக்கொடுப்பீங்க?"

"இல்லம்மா. உங்களுக்கும் உங்களுக்கு அப்புறம் வந்தவங்களுக்கும் மட்டும்தான். உங்களுக்கு முன்னாடி அந்தச் சத்தமே கிடையாது."

பெவர்லி பிரேக்கை மிதித்தாள். "எத்தனை பேர் ஓட்டின கார் இது. நான்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"உங்களுக்கு எண்பத்தாறு பாடம் எடுத்திருக்கேன். பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன்."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் பெவர்லிக்குக் காது மடல்வரை சூடேறியது. ஒன்பது வருஷமாக எத்தனையோ பிள்ளைகள் அவள் பண்ணிய சேதத்துக்காகப் பிஸ்கட் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். முற்றத்தை இன்னும் இரண்டு சுற்று சுற்றினாள். இரண்டு சுற்றிலும் கியர் வாய் திறக்கவில்லை. இரண்டாவது சுற்று முடியும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இறங்கியதும் ராட்னி அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். எஞ்சினை எடுத்துக்கொள், பரவாயில்லை. கியர்பாக்ஸ் மட்டும் வேண்டாம், இதே மாடலில் கிரிம்ஸ்பி பழைய இரும்புக் கிடங்கில் ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன் என்றான். டெஸ்மண்டும் அதற்கு ஆமாம் போட்டார்.

"கிடங்குல இருக்கறது யார்கிட்ட என்ன பட்டுச்சுன்னு எனக்குத் தெரியாது" என்றாள் பெவர்லி. "இதுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும். பண்ணது நான்தான்."

இரும்புக்காரன் சொன்ன விலைக்கே டென்பி காரைக் கொடுத்தார்.

ஜூன் முழுவதும் வேலை நடந்தது. டெப்போவிலிருந்து டெஸ்மண்ட் ஒரு சங்கிலிக் கப்பி வாங்கிவந்தார். வெங்காயமெல்லாம் ஹவர்டின் கட்டிலுக்கு அடியில் போனது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரிக்காமல் சேர்த்தே தூக்கி, மஞ்சள் காரின் பள்ளத்தில் இறக்கினார்கள். எஞ்சின் இப்போது முதுகுப்பக்கம் வந்துவிட்டதால், லீவரிலிருந்து அதுவரை நீளமான கேபிள் போட வேண்டும். அந்த வேலையை ராட்னி தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டான். கையேடு வேண்டுமா என்று பெவர்லி கேட்டதற்கு அவன் சிரித்தான்.

எஞ்சின் முதல் திருகலிலேயே உறுமியது. நான்தான் முதலில் ஓட்டுவேன் என்று ராட்னி ஏறினான். முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டான். வண்டி விக்கி நின்றது. மறுபடி போட்டான், மறுபடி விக்கியது. நாலாவது தடவை டெஸ்மண்ட் குனிந்து பார்த்தார். கேபிளைத் தலைகீழாகப் பூட்டியிருந்தான். முதல் கியர் என்று அவன் போட்டதெல்லாம் இரண்டாவது கியர்.

"லைசென்ஸ் வாங்க எனக்கு அஞ்சு தடவை ஆச்சு" என்றாள் பெவர்லி. "உனக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

அதற்குப் பிறகு ஒரு மாதம் முழுவதும் ராட்னி மோட்டார் சைக்கிள் எஞ்சின் பேச்சே எடுக்கவில்லை.

அரசாங்கப் பரிசோதனையில், டாஷ்போர்டின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். ஹவர்ட் உப்புத்தாள் வைத்து ஒரு நாள் முழுக்கத் தேய்த்துக்கொடுத்தான். அடுத்த வாரம் நம்பர் பிளேட் வந்தது.

முதல் நெடும்பயணத்துக்கு பெவர்லி மிஸ்டர் டென்பியைத்தான் அழைத்துப் போனாள். கார் அவ்வளவு தாழ்வு. எழுபத்திரண்டு வயதுக்காரர் உள்ளே இறங்க ஹவர்ட் இரண்டு கையையும் பிடிக்க வேண்டியிருந்தது. கூரையில்லாத காரில் தொப்பியை மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். வோல்ட்ஸ் குன்றுகளில் ஏறி இறங்கி மேபிள்தோர்ப் கடற்கரைக்குப் போகும்வரை, எதிர்க்காற்றில் கண் கலங்க, அவர் சாலையைப் பற்றியோ அவள் ஓட்டுவதைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்லி நன்றாக விளைந்திருக்கிறது என்றார். பேத்திக்கு லிங்கனில் வேலை கிடைத்திருக்கிறது என்றார்.

கடற்கரையில் சிப்ஸ் வாங்கித் தின்றார்கள். திரும்பும்போது ஒரு வளைவில் பெவர்லி கொஞ்சம் வேகமாகவே நுழைந்துவிட்டாள். சட்டென்று பக்கத்தில் பார்த்தாள். டென்பியின் முகம் சாந்தமாக இருந்தது. வலதுகால் மட்டும், பாடம் எடுத்த காரில் அவர் பக்கம் இருந்து இங்கே இல்லாத ஒரு பிரேக்கைத் தரையோடு தரையாக அமுக்கிக்கொண்டிருந்தது.

அவள் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். காலை மெதுவாக எடுத்துக்கொண்டு, மடித்த காகிதத்திலிருந்து கடைசி சிப்ஸை அவளிடம் நீட்டினார்.