வெள்ளவத்தையில் வாசிக்கப்பட்ட பெயர்

நீக்கிலாப்பிள்ளைக்கு மனைவி சொல்லும் சொந்தக்காரச் செய்திகள் காதில் ஏறுவதே இல்லை. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவர் ஒழுங்காகப் பழகிக்கொண்ட வித்தை அது ஒன்றுதான். றெஜீனம்மா யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் வீடு மாறினார்கள், யாருக்கு வயிற்றோட்டம் என்பது வரை ஒன்று விடாமல் சொல்லுவாள். அவர் பத்திரிகைக்குப் பின்னால் இருந்துகொண்டு இடைக்கிடை "ஓம், ஓம்" என்பார். அவர் கேட்கவில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் யாருக்காவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு செமிக்காது.

அப்படித்தான் ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தைந்தாம் ஆண்டு மார்கழி மூன்றாம் திகதி பின்னேரமும் சொன்னாள். அவளுடைய சித்தப்பா மகள் திரேசம்மா தெமட்டகொடை வீட்டை விட்டு வெள்ளவத்தைக்குக் குடிபோய்விட்டாளாம். கடற்காற்று நல்லதாம். ஆனால் உப்புச் சாடி எந்நேரமும் கசிகிறதாம். "ஓம், ஓம்" என்றார் நீக்கிலாப்பிள்ளை. அன்றைக்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவருடைய கோட்டின் உள்பைக்குள் மலாயாவிலிருந்து வந்த கடிதம் ஒன்று இருந்தது. மகன் கிளெமென்ற் செத்துப்போய்விட்டான் என்று அதில் எழுதியிருந்தது.

தபால்காரன் அதைக் காலையில் தெருமுனையிலேயே அவர் கையில் கொடுத்துவிட்டான். "மலாயாக் கடிதம் ஐயா, நல்ல செய்தியாத்தான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனான். யுத்தம் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இவர்களைப்போல் மலாயாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டிருந்த கொழும்புக் கொட்டாஞ்சேனை வீடுகளுக்கு ஒவ்வொன்றாகக் கடிதம் வந்துகொண்டிருந்த காலம். வீடு போய்ச் சேரும் வரைக்கும் பொறுக்க முடியாமல், கோயில் படியில் இருந்துகொண்டு பிரித்தார். கிளெமென்றோடு மலாயா ரயில்வேயில் வேலை செய்த இராசரத்தினம் என்பவர் எழுதியிருந்தார். யப்பான்காரர் இவர்களைச் சயாமுக்குக் கொண்டுபோய், காட்டுக்குள்ளே ரயில்பாதை போட விட்டார்களாம். நாற்பத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதம். வாந்திபேதி. இரண்டே நாள். பக்கத்தில் தான் இருந்ததாகவும், சாகக் கிடக்கிறவனுக்கு எண்ணெய் பூசி அவஸ்தைப் பூசுதல் கொடுக்க அங்கே எந்தச் சுவாமியும் இருக்கவில்லை என்றும், தெரிந்த செபத்தைத் தானே சொன்னதாகவும் அவர் எழுதியிருந்தார். இராசரத்தினம் சைவக்காரர். அவருக்கு என்ன செபம் தெரிந்திருக்கும்?

நீக்கிலாப்பிள்ளை அந்தப் படியில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று அவருக்கே தெரியாது. எழும்பியபோது ஒரு முடிவோடு எழும்பினார். பாலன் பிறக்கிற நத்தார் திருநாள் முடியட்டும். மூன்று ராசாக்கள் திருநாளும் கழியட்டும். அதற்குப் பிறகு சொல்லலாம்.

அது அன்பென்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்பும் இருந்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முக்கால்வாசி பயம். மருமகள் மார்சலீனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை.

மார்சலீனும் கிளெமென்றும் சேர்ந்து வாழ்ந்தது எழுபது நாள். நாற்பத்தோராம் ஆண்டு கலியாணம் முடித்து, மலாயாவில் குவாட்டர்ஸ் கிடைத்தவுடன் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினான். நாலு மாதத்தில் யுத்தம் அங்கே வந்துவிட்டது. அவள் தாய்வீட்டுக்குப் போகவில்லை. "அவர் வந்து என்னை இங்கதானே தேடுவார், மாமி" என்று சொல்லி மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டாள். நாலு வருடம் வாய் திறந்து சிரிக்காத பெண், யுத்தம் முடிந்த அன்றிலிருந்து வேறு ஆளாகிவிட்டாள். அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். யன்னலுக்குப் புதுத் திரை தைத்தாள். குசினியில் பாட்டு வேறு. கப்பல் வருகிற நாட்களில் காலையிலேயே தலைமுழுகிவிடுவாள்.

வீட்டுக்காரர் என்ற முறையில் பின்னேரச் செபமாலையை முன்னால் நின்று சொல்லுகிறவர் நீக்கிலாப்பிள்ளை. ஐம்பத்து மூன்று மணியும் முடிந்தபின் "கிளெமென்ற் சுகமாக வந்து சேர" என்று ஒரு பரலோக மந்திரம் சேர்த்துச் சொல்லுவது நாலு வருட வழக்கம். கடிதம் வந்த அன்று அவர் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுபோனார்.

"கிளெமென்றுக்காக" என்றார் கடைசியில்.

"சுகமா வந்து சேர" என்று மார்சலீன் பின்னால் இருந்து எடுத்துக் கொடுத்தாள். மாமா மறந்துவிட்டார் என்று நினைத்தாள் போல. அவர் அதையும் சொன்னார். இரண்டரை வருடத்துக்கு முன் மண்ணுக்குள் போன பிள்ளை சுகமாக வந்து சேர வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னார். அடுத்த நாளும் சொன்னார்.

பகலில் ஒருவிதமாகச் சமாளித்தார். வீடும் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. சீனியும் மாவும் கூப்பனுக்குத்தான் என்பதால், மார்சலீன் ஆவணியிலிருந்தே தன் பங்குச் சீனியைத் தேத்தண்ணிக்குப் போடாமல் போத்தலில் சேர்த்து வைத்திருந்தாள், கேக்குக்கு. அவர் கஜூப் பருப்பு வாங்கக் கொச்சிக்கடைக்கு நடந்தார். பேக்கரிக்காரனிடம் போய், புதன்கிழமை அடுப்பில் தங்கள் கேக் தட்டுக்கு இடம் சொல்லிவைத்தார். ஒருநாள் மார்சலீன் ஊசி நூலோடு வந்து நின்றாள்.

"மாமா, ஒருக்கா எழும்பி நில்லுங்கோ. அவருக்கு ஒரு சேட் தைக்கிறன். உங்கட தோளும் அவற்ற தோளும் ஒரே அளவுதானே?"

அவர் எழும்பி நின்றார். இரண்டு கையையும் விரித்தார். அவள் வெள்ளைத் துணியை முதுகில் வைத்துக் குண்டூசி குத்தினாள்.

"மெலிஞ்சிருப்பாரோ மாமா? கொஞ்சம் பிடிச்சுத் தைக்கட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. அளவாயே தை" என்றார். பிறகு கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். வாயைத் துவாயால் பொத்திக்கொண்டு அழுவதற்கு அவர் அந்த நாட்களில் நன்றாகப் பழகிவிட்டார்.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டவருக்கு ஒன்று மட்டும் தாங்கவில்லை. அவஸ்தைப் பூசுதல் இல்லாமல் போன ஆத்துமம் அது. இரண்டரை வருடமாக அதற்கென்று ஒரு பூசை இல்லை, ஒரு மந்திரம் இல்லை. வீட்டில் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறவனுக்கென்று மன்றாடிக்கொண்டிருந்தார்கள். கார்த்திகையில் மரித்தவர்களின் பெயர்களைக் கோயிலில் எழுதிக் கொடுத்தபோதுகூடத் தாத்தன் பூட்டன் பெயரெல்லாம் இருந்தது, அவன் பெயர் இல்லை. அறியாமல் விட்டதற்குக் குற்றமில்லை. இப்போது அறிந்தபிறகும், வீட்டில் நத்தார் நடக்கவேண்டும் என்பதற்காகப் பெற்ற பிள்ளையை பாவக் கடன் தீருமட்டும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்துக் கிடக்க விடுகிறாயே என்று மனம் குத்தியது.

கொட்டாஞ்சேனையில் பூசை ஒப்புக்கொடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அறிவித்தலில் அந்த வாரத்துப் பூசைகளைப் பெயர் சொல்லி வாசிப்பார்கள். முன் வரிசையில் றெஜீனம்மா இருப்பாள். ஆகவே தூரத்தில் ஒரு கோயில் தேடினார். வெள்ளவத்தை. அங்கே எங்களை யாருக்குத் தெரியும் என்று நினைத்தார். பென்சன் விஷயமாகப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கோட்டை ஸ்டேசனில் ரயிலேறினார்.

வெள்ளவத்தைச் சுவாமி இளவயதுக்காரர். கொப்பியை விரித்துக்கொண்டு பெயரைக் கேட்டார்.

"கிளெமென்ற்."

"சரி, செவ்வாய்க்கிழமை பதினெட்டாந் திகதி, காலமை ஆறரை. இவ்வளவும் போதும்."

"போதாது சுவாமி. நீக்கிலாப்பிள்ளை கிளெமென்ற் மரியான் எண்டு முழுசா எழுதுங்கோ. கொட்டாஞ்சேனை எண்டும் போடுங்கோ."

சுவாமி சிரித்தார். "ஆண்டவருக்கு விலாசமும் வேணுமோ?"

"எதுக்கும் கிடக்கட்டும் சுவாமி."

சுவாமிக்கு அது சிரிப்பு. முப்பது வருடம் துறைமுகத்துக் கந்தோரில் கிளாக்கர் வேலை பார்த்தவருக்கு அது சிரிப்பில்லை. அரைகுறைப் பெயரோடு வந்து இறங்கிய பெட்டிகள் கிட்டங்கியில் கேட்பாரற்றுக் கிடந்து உக்கிப்போனதை அவர் கண்ணால் கண்டவர். உலகத்தில் எத்தனை கிளெமென்ற் செத்திருப்பான். இந்தப் பூசை வேறு யாருக்காவது போய்விட்டால்? சுவாமி எழுதியதைக் கண்ணாடி போட்டு ஒருமுறை சரிபார்த்த பிறகுதான் வெளியே வந்தார். திரும்பி வருகிற ரயிலில், பல நாளைக்குப் பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது. பாவம் மனுசன்.

பதினாறாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. கேக்குக்குப் பழம் வெட்டுகிற நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து மூவரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். றெஜீனம்மா கஜூவை அரிந்தாள். மார்சலீன் சீனிப்பாகில் ஊறிய பூசணித் தோசியைச் சிறிது சிறிதாக வெட்டினாள். அவருக்கு முந்திரிகை வற்றலில் காம்பு ஆய்கிற வேலை. வாசலில் றிக்‌ஷா ஒன்று வந்து நின்றது. கறுப்புச் சேலையோடு திரேசம்மா இறங்கினாள். இறங்கும்போதே தலையில் அடித்துக்கொண்டு, அயல் முழுதும் கேட்க அழுதுகொண்டு வந்தாள்.

வந்தவள் நேரே மார்சலீனைக் கட்டிப்பிடித்தாள். "என்ர குஞ்சு! இந்த வயசிலை உனக்கு இப்பிடியும் வரவேணுமே!"

மார்சலீன் கையில் கத்தியோடு திகைத்துப்போய் நின்றாள். "என்ன சின்னமாமி? ஆருக்கு என்ன நடந்தது?"

"அக்கா, ஒரு சொல் சொல்லியனுப்பக் கூடாதே? நான் வெள்ளவத்தையிலைதானே இருக்கிறன். என்ர வீட்டுப் பிள்ளை செத்ததைக் கோயிலிலை சுவாமி வாசிச்சோ நான் அறியவேணும்?"

"உனக்கென்ன விசரே?" றெஜீனம்மா எழும்பிவிட்டாள். "ஆற்ற பிள்ளை செத்தது?"

"செவ்வாய்க்கிழமை காலமை இளைப்பாற்றிப் பூசை எண்டு வாசிச்சவரக்கா. நீக்கிலாப்பிள்ளை கிளெமென்ற் மரியான். கொட்டாஞ்சேனை."

"அது வேறை ஆரோ" என்றாள் மார்சலீன். ஒரு சின்னச் சிரிப்புக்கூட வந்தது. "மாமா, சொல்லுங்கோ இவவுக்கு. அது வேறை ஆரோ எண்டு சொல்லுங்கோ."

நீக்கிலாப்பிள்ளை எழும்பிப் போய், ஆணியில் தொங்கிய கோட்டின் உள்பைக்குள் கைவிட்டுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

மார்சலீன் நின்றபடியே வாசித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். அவள் முகத்தைப் பார்த்தே றெஜீனம்மா விளங்கிக்கொண்டாள். "என்ர மகனே" என்று அவள் போட்ட சத்தத்தில் அயல் வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். மார்சலீன் அழவில்லை. உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எப்ப வந்தது மாமா?"

"மூண்டாந் திகதி."

"இண்டைக்குப் பதினாறு."

"நத்தார் முடியட்டும் எண்டு பார்த்தனான் பிள்ளை. நீ சந்தோஷமா இருந்தாய். அதைக் குழப்ப எனக்கு மனம் வரேல்லை."

"நான் சந்தோஷமா இருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தனீங்கள்?"

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும்.

"செவ்வாய்க்கிழமை பூசைக்கு நானும் மாமியும் போறம்" என்றாள். "நீங்கள் வரவேண்டாம். பதின்மூண்டு நாள் அவரை நீங்கள் தனிய வைச்சு அழுது முடிச்சிட்டீங்கள். அதிலை எனக்கு ஒரு நாள் தரேல்லை. மாமிக்கும் தரேல்லை. பெத்த தாய் அவ."

கோபத்தில் சொல்லுகிறாள், ஆறிவிடும் என்று திரேசம்மா அவருக்குக் காதோடு சொன்னாள். நீக்கிலாப்பிள்ளையும் அப்படித்தான் நம்பினார். திங்கட்கிழமை முழுதும் வீடு நிறையச் சனம். வந்தவர்கள் அவருடைய கையைப் பிடித்தார்கள். பெண்களின் பக்கமிருந்து ஒரு பார்வையும் அவர்மேல் விழவில்லை. பின்னேரம் செபமாலையைத் திரேசம்மா முன்னால் நின்று சொன்னாள். அவர் பின்வரிசையில், வந்தவர்களோடு முழங்காலில் நின்றார்.

செவ்வாய்க்கிழமை விடியமுன்பே அவர் குளித்து, கோட்டுப் போட்டு, தொப்பியும் கையுமாக வாசலில் வந்து நின்றார். றெஜீனம்மாவும் மார்சலீனும், முதல்நாள் இரவே வெள்ளவத்தைக்குத் திரும்பிவிட்ட திரேசம்மாவிடம் இரவல் வாங்கிய கறுப்புச் சேலையோடு வெளியே வந்தார்கள். கறுப்புச் சேலை மார்சலீனுக்குக் கணுக்காலுக்கு மேலே நின்றது. ரயில்வே ஸ்டேசனுக்குப் போக றிக்‌ஷா காத்துக்கொண்டு நின்றது.

"றெஜீனா" என்றார்.

முப்பத்தைந்து வருடம் அவரிடம் ஒன்று விடாமல் எல்லாம் சொன்னவள், ஒரு சொல்லும் சொல்லாமல் அவரைக் கடந்துபோய் றிக்‌ஷாவில் ஏறினாள். மார்சலீன் ஏறுமுன் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். வாங்கோ என்று ஒரு சொல் வரும் என்று அவர் ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டார். அவள் படலையைச் சாத்திவிட்டுப் போனாள்.

வீட்டுக்குள் வந்து, கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். சுவர்க் கடிகாரம் ஆறரை அடித்தது. வெள்ளவத்தையில் சுவாமி பீடத்துக்கு வந்திருப்பார். எழுத்தொன்றும் பிசகாமல் அவர் எழுதுவித்த பெயரைச் சொல்லிப் பூசை தொடங்கியிருக்கும். நீக்கிலாப்பிள்ளை சீமெந்துத் தரையில் முழங்காலில் விழுந்தார். முதல் மந்திரத்தின் பாதியில் குரல் உடைந்தது. பழக்கத்தில் கை தானாக வாயைப் பொத்தப் போனது. பொத்தவேண்டிய அவசியம் இனி இல்லை என்று பிறகுதான் நினைவு வந்தது. "என்ர ராசா" என்று வாய்விட்டுக் கத்தி அழுதார். அவரை எழுப்பி இருத்த அந்த வீட்டில் யாரும் இருக்கவில்லை.