வெள்ளிக்கிழமைப் பேய்

ஜும்மா முடிந்து ஆண்கள் பள்ளிவாசலிலிருந்து வீடு திரும்பி, சாப்பாட்டுச் சந்தடி அடங்குகிற நேரத்தில்தான் லப்பைக்குடிக்காட்டில் டெலிபோன்கள் அடிக்கத் தொடங்கும். தெருவுக்குப் பத்துப் பேராவது அரபு நாட்டில் இருக்கிற ஊர். எந்த மணி யார் வீட்டு மணி என்று தெருப் பூனைக்குக்கூடத் தெரியும். சாகிராவின் வீட்டில் இதற்கொரு வரிசை உண்டு. முதலில் மாமியார். அப்புறம் நாத்தனார் பெனாசிர். அவள் அடுத்த தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள், வெள்ளிக்கிழமை என்றால் டாணென்று வந்து உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் மகள் இன்ஷா. எல்லாரும் பேசி, அழுது, மூக்கைச் சிந்தி, ரிசீவர் சூடேறிப்போன பிறகு, போனால் போகிறதென்று கட்டிய மனைவியின் கைக்கு வரும். அதற்குள் ஷார்ஜாவில் நிஜாமுதீனின் டெலிபோன் கார்டு தீர்ந்துகொண்டிருக்கும்.

கைக்கு வந்தால் மட்டும் என்ன பேசிவிட முடியும்? கூடத்தில் அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். 'உங்களப் பாக்கணும்போல இருக்குங்க' என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்று சாகிராவுக்குக் கொள்ளை ஆசை. சொன்னால் அவ்வளவுதான், பெனாசிர் அதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டிவிடுவாள். அவன் பாடும் அப்படித்தான். பொது டெலிபோன் பூத்தில், பின்னால் கார்டோடு ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்க, எவன் பெண்டாட்டியிடம் குழைந்து பேசுவான்?

ஆகவே அவர்கள் பேயைப் பற்றிப் பேசினார்கள்.

சிரிக்க வேண்டாம், நிஜம்தான். அவன் போன புதிதில், வேலை பார்த்த கிடங்கின் குளிரறைக்குள் யாரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதாகச் சொன்னான். "அப்புறம்?" என்றாள் சாகிரா. அவன் சொல்லச் சொல்ல இவள் "அய்யய்யோ, அப்புறம்?" என்று கேட்க, அன்றைக்குத்தான் புருஷனும் பெண்டாட்டியும் முதன்முதலாக மனம்விட்டுப் பேசியது. ரிசீவரை வைத்த கையோடு அதை ஒரு கதையாக எழுதி, மாதம் ஒரு திகில்கதை போடுகிற திருச்சிப் பத்திரிகைக்கு அனுப்பினாள். போட்டுவிட்டார்கள்! பிறகு அதுவே வழக்கமாயிற்று. அவன் ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பயத்தைச் சொல்வான், அடுத்த வெள்ளிக்குள் அவள் அதற்குக் கைகால் வைத்துவிடுவாள். "மத்தவளுவ சென்ட்டு கேக்குறாளுவ, துணி கேக்குறாளுவ. இவ பேயக் கேக்குறா" என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொண்டாலும் கதை வந்த மாதம் இன்ஷாவைப் படிக்கச் சொல்லிக் கேட்காமல் விடமாட்டாள்.

அந்த மழைக்காலத்தில் அரியலூரிலிருந்து நடராசன் வந்தார். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகக்காரர், ஆனால் பேய்க்கதை என்றால் உயிர். சொந்தச் செலவில் ஒரு திகில் கதைத் தொகுப்பு கொண்டுவரப் போவதாகச் சொன்னார். ஆம்பிளை இல்லாத வீடு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு மனைவி கமலவேணியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்த மரியாதைக்கே மாமியார் டீயோடு சமோசாவும் கொடுத்தாள்.

"இப்ப எவனும்மா புளியமரத்துக்குப் பயப்படுறான்?" என்றார் நடராசன். "தெருவுக்குத் தெரு லைட்டு போட்டாச்சு. ஆனா நேரங்கெட்ட நேரத்துல டெலிபோன் அடிச்சா பயப்படுறோமா இல்லையா? இதுவரைக்கும் வந்ததெல்லாம் பழைய பேயி. நீங்க எழுதுறதுதான் இந்தக் காலத்துப் பேயி. புதுசா ஒண்ணு குடுங்க, தொகுப்புல மொதக் கதையா போட்டுடுறேன்."

சாகிராவுக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரிகை அடுத்த மாதமே மளிகைக்கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போய்விடும். புத்தகம் அப்படியா? ஒரு கதை கையில் இருக்கிறது, முடிவுதான் இன்னும் வரவில்லை என்றாள். கதை இதுதான். புருஷன் வெளிநாட்டில் இருக்கும் ஒருத்தி. தினமும் பெரம்பலூரிலிருந்து கடைசி பஸ் வந்து போனதும், காலடிச் சத்தம் ஒன்று தெருவில் நடந்து வந்து அவள் வாசலில் நின்றுவிடுகிறது. தட்டுவதில்லை, போவதுமில்லை. அது அவன் நடைதான். அவளுக்குத் தெரியாதா என்ன?

இந்தக் கதைதான் நாலைந்து வெள்ளிக்கிழமைகளாக டெலிபோனில் ஓடிக்கொண்டிருந்தது.

"கதவத் தொறந்துச்சா அந்தப் பொண்ணு?" என்று கேட்பான் நிஜாமுதீன்.

"இன்னும் இல்லைங்க."

"ஏனாம்?"

"தொறந்து பாத்து யாரும் இல்லன்னா என்ன பண்றதுன்னு பயப்படுது."

"கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு" என்பான் அவன். மாமியார் குறுக்கே புகுந்து, "அந்தப் பேய வுட்டுட்டு புள்ளைக்கி காய்ச்சல் வந்தத சொல்லுடி" என்பாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். போய் மூன்று வருஷம் ஆகிறது. மாமியார் அவன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டாள். சாகிரா வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் பீரோவுக்குள் நல்ல சேலைகளை இடம் மாற்றி இடம் மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாக அவன் குரலில் ஏதோ சுருதி குறைந்திருந்தது. வருகிற தேதியைக் கேட்டால் மழையைப் பற்றிக் கேட்டான். நடராசனோ அச்சகத்திலிருந்து போன் போட்டு, முடிவு எப்போது வரும் என்று நச்சரித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை ரிசீவர் கைக்கு வந்ததும் அவள் சுற்றி வளைக்கவில்லை.

"புக்கு அச்சுக்குப் போவுதுங்க. முடிவு எழுதியாவணும். வாசல்ல நிக்கிறாரே அவரு, உள்ள வராரா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். லாரி ஒன்று போயிற்று. கார்டு தீர்ந்துவிட்டதோ என்று அவள் நினைத்தபோது அவன் குரல் வந்தது.

"வரல, சாகிரா."

"பெருநாளைக்குமா?"

"ரெண்டு வருசத்துக்கு வரல. கம்பெனி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டான். வேற வழியில்ல அவனுக்கு. அந்தப் பொண்ணுகிட்ட எப்புடிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் தெனமும் வாசல்ல வந்து நின்னிருக்கான்."

சாகிரா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழக்கூடாது. கதைக்கு யாராவது அழுவார்களா? மாமியார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

"அவரு வரமாட்டாராம் மாமி."

"யாரு, அந்தப் பேயா? அல்ஹம்துலில்லாஹ்! சனியன் வராம ஒழிஞ்சா நல்லதுதானே" என்று மாமியார் வாய்விட்டுச் சிரித்தாள். பெனாசிரும் சிரித்தாள். மகன் சொன்ன சேதியைத் தாய் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள், பாவம்.

அவனே சொல்லட்டும் என்று சாகிரா வாயைத் திறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவன் அறையில் வெள்ளையடிப்பு நடந்தது. வேலைக்காரர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள், தரையில் சொட்டிய சுண்ணாம்பைச் சுரண்டிக் கழுவினாள். மாமியார் நடுவில் நின்றுகொண்டு, "மின்விசிறிய அவன் தலமாட்டுப் பக்கம் மாத்திப் போடுங்கப்பா, அவனுக்கு வேர்க்கும்" என்று சொன்னபோது அவள் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். என்ன மனுஷன் இவர் என்று புருஷன்மேல் கோபம் வந்தது. வந்த கோபம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஷார்ஜா அறையின் அடுக்குக் கட்டிலில் அவர் எப்படிப் புரண்டுகொண்டிருக்கிறாரோ என்றுதான் மனசு போயிற்று. எத்தனை கோபம் வந்தாலும் அவளுக்கு அவன் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

வியாழக்கிழமை பகலில் மாமியார் கண்ணயர்ந்த நேரம், அடுப்படியில் உட்கார்ந்து முடிவை எழுதினாள்.

கதையில் அந்தப் பெண் கதவைத் திறந்துவிடுகிறாள். வாசலில் யாரும் இல்லை. தெருவில் இறங்கித் திரும்பிப் பார்க்கிறாள். உள்ளே பாயில் அவளே படுத்துக் கிடக்கிறாள், மூச்சு இல்லை. அடடா, இவ்வளவு லேசா என்றிருக்கிறது அவளுக்கு. பேய்க்குப் பாஸ்போர்ட் எதற்கு, விசா எதற்கு? வெள்ளாற்றைத் தாண்டி, கடலைத் தாண்டிப் போகிறாள். எட்டுப் பேர் படுத்திருக்கும் அறையில் அவன் கட்டிலைக் கண்டுபிடித்து, விலகிக் கிடந்த போர்வையை இழுத்துவிட்டுக் கால்மாட்டில் உட்கார்கிறாள். அவனுக்கு முழிப்பு வருகிறது. கால்மாட்டில் பாரம் தெரிகிறது. திரும்பிப் பார்க்காமல் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான். அத்தோடு கதை முடிகிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை நிஜாமுதீன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். மாமியார் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் வேறு யாருக்கும் பேச முறை வரவில்லை. பெருநாளும் வந்தது, போயிற்று. வெள்ளையடித்த அறை பூட்டியே கிடந்தது.

தொகுப்பு வந்ததும் நடராசனும் கமலவேணியும் பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதல் கதை சாகிராவுடையது. நடராசனுக்கு வாயெல்லாம் பல். கமலவேணிதான் அடுப்படிக்கு வந்து, "ஏம்மா, உன்னையே சாவடிச்சிட்டியேம்மா" என்றாள் மெல்ல.

"கதையிலதானேக்கா."

கமலவேணி அவள் கையிலிருந்த டீத் தட்டை வாங்கிக்கொண்டாள்.

பின்தெரு அஸ்ஃபாக் ஷார்ஜாவுக்குப் புறப்பட்டபோது, மாமியார் கொடுத்த ஊறுகாயோடும் கறிமசால் பொடியோடும் புத்தகமும் போயிற்று. அதற்கப்புறம் வந்த வெள்ளிக்கிழமை நிஜாமுதீனிடமிருந்து போனே வரவில்லை. சாகிராவுக்குப் பயமாகிவிட்டது. அவனைக் கோழை மாதிரி எழுதிவிட்டோமோ, மனசு விட்டுப்போயிற்றோ என்று தவித்தாள். எட்டு நாளும் சோறு இறங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மணி அடித்தது. வரிசைப்படி எல்லாரும் பேசி முடித்தார்கள்.

"புக்கு வந்துச்சு" என்றான்.

"ம்."

"ரூம்ல எல்லாரும் படிச்சானுவ. ஒருத்தன் ரெண்டு நாளா லைட்ட அணைக்க வுடல."

"நீங்க?"

பின்னால் யாரோ அரபியில் கத்தினார்கள். நிஜாமுதீன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நேத்து சோறாக்குற மொற என்னோடது. ஒரு ஆளு சோறு சேத்துப் போட்டேன். யாருக்குடான்னு கேட்டானுவ, நான் ஒண்ணும் சொல்லல. தட்டுல போட்டு மூடி, கால்மாட்டுல வெச்சுட்டுப் படுத்தேன்."

சாகிரா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சாகிரா, இருக்கியா? கார்டு முடியப்போவுது. காலைல எந்திரிச்சுப் பாத்தேன். தட்டு—"

இணைப்பு அறுந்தது.

"என்னடி சொல்றான் எம்புள்ள?" என்று கேட்டாள் மாமியார்.

"சோறாக்குனாங்களாம், மாமி."

"நல்லாச் சாப்புட்டானாமா?"

"கார்டு முடிஞ்சுபோச்சு மாமி."

ரிசீவரை வைத்துவிட்டு சாகிரா அடுப்படிக்குப் போனாள். யாரும் பின்னால் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, வலது கையை விரித்து மூக்கருகே கொண்டுபோய், அந்தத் தட்டுச் சோற்று வாசனை வருகிறதா என்று கண்ணை மூடி மெல்ல முகர்ந்தாள்.