பாசி சூப்பும் பழகிய மூக்குகளும்

அன்று ஆராய்ச்சிக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆபரேஷன் முடிந்த அக்கா, உடம்பு தேறும்வரை தங்கிப்போக அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். புரதம் சேர்ந்தால்தான் தையல் ஆறும், தெம்பு வரும் என்று டாக்டர் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். அக்காவுக்கோ முட்டையைக் கண்டால் குமட்டல், பாலைக் கண்டால் ஓங்கரிப்பு, இறைச்சியை மெல்லத் தெம்பில்லை. இப்படிப்பட்ட நோயாளிகளுக்காகத்தான் தங்கை பல வருஷமாகத் தலைகீழாக நின்றுகொண்டிருக்கிறாள். கண்ணாடிக் குழாய்களில் பச்சைத் தண்ணீராக வளரும் நுண்பாசியை வடித்து, உலர்த்தி, பொடியாக்கி, சூப்பில் கலப்பது அவள் வேலை. பொடியின் எடையில் பாதி புரதம். சொந்த அக்காவுக்கு உதவாத படிப்பு என்ன படிப்பு?

ஆய்வகத்தில் விதவிதமாகப் பொடி செய்து, அவளும் கூட வேலை செய்பவர்களுமாக ஆறு பேர் கூடி மோந்து பார்த்து, குடித்துப் பார்த்து, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வாடை துளிகூட இல்லை என்று ஆறு பேரும் ஒரே குரலில் சொன்ன பொடி. அதில் சூப் வைத்து, மிளகு தூவி, ஆவி பறக்க அக்காவின் முன்னால் வைத்தாள்.

அக்கா கரண்டியை வாய்வரை கொண்டுபோனாள். அப்படியே கிண்ணத்தில் திருப்பி வைத்தாள்.

"என்னடி இது, மீன் தொட்டியக் கழுவி ஊத்தின மாதிரி இருக்கு!"

"விளையாடாதக்கா. ஆறு பேர் குடிச்சுப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னது."

"அந்த ஆறு பேருக்கும் மூக்குன்னு ஒண்ணு இருக்கா?"

தங்கைக்கு முகம் விழுந்துவிட்டது. சாட்சிக்கு வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். மனைவி சமைத்ததற்குக் கணவனையே சாட்சிக்கு இழுப்பது என்ன விஞ்ஞானமோ தெரியவில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், பொய் சொன்னால் காது சிவந்துவிடும் மனிதர். கிண்ணத்தை எடுத்து ஒரே மூச்சில் காலி செய்தார்.

"எனக்கு ஒரு வாடையும் தெரியலையேக்கா."

காது சிவக்கவில்லை.

அதன்பின் இரண்டு நாள் அக்கா பழச்சாற்றிலேயே காலம் தள்ளினாள். குளியலறைக்குப் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினாள். அதைப் பார்த்த தங்கைக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. சோறு தண்ணி இல்லாமல் இப்படியே கிடந்தால் மறுபடி ஆஸ்பத்திரிதான்.

மறுநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, படுக்கையிலிருந்து குரல் வந்தது.

"வந்துட்டியா? கதவத் திறக்கும்போதே தெரிஞ்சுது. உன் சூப்பு வாடை உனக்கு முன்னாடி வருதுடி."

அவள் தன் சட்டைக் கையை மோந்தாள். தலைமுடியை இழுத்து மோந்தாள். ஒன்றும் தெரியவில்லை. நேராக வீட்டுக்காரர் முன் போய் நின்றாள்.

"உண்மையச் சொல்லுங்க. எம்மேல இந்த வாடை அடிக்குதா?"

அவர் விடைத்தாளை மூடிவைத்தார்.

"கல்யாணமான புதுசுல அடிச்சுது. சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு விட்டுட்டேன். இப்பல்லாம் தெரியறதே இல்ல. கதவு திறந்தா, நீ வந்துட்டேன்னு தோணும். அவ்வளவுதான்."

கோபப்படுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வருஷக்கணக்கில் அந்தக் காற்றையே சுவாசிக்கிற ஆறு மூக்குகள். அவை வாடை இல்லை என்று சொன்னதை நம்பி அக்காவைப் பட்டினி போட்டிருக்கிறாள். அப்போதுதான் அவர்கள் ஒதுக்கித் தள்ளிய பொடி ஒன்று நினைவுக்கு வந்தது. ஆல்கஹாலில் கழுவி, பச்சை நிறமெல்லாம் போய், வெளுத்துக் கிடந்த பொடி. எல்லாச் சோதனையிலும் தேறியது. ஆனால் "என்னவோ குறையுது, உசிரே இல்ல" என்று ஆறு பேரும் உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். அவளும்தான் பிதுக்கினாள்.

அடுத்த நாள் அதைக் கொண்டுவந்து அதே சூப்பை வைத்தாள். முதல் கரண்டியை வீட்டுக்காரருக்குக் கொடுத்தாள். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"கோச்சுக்காத. இதுல என்னவோ குறையுது."

அவளுக்கும் குறைவாகத்தான் பட்டது. ஆனாலும் சிரிப்பு பொங்கியது.

"குறையட்டும்ங்க. அதான் வேணும்."

அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு முதல் கரண்டியை விழுங்கினாள். இரண்டாவதற்கு மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கரண்டி கிண்ணத்தின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்கும்வரை தங்கை வாசற்படியிலேயே நின்றாள்.

"உப்பு ஒரு கல்லு கம்மி," என்று அக்கா கிண்ணத்தை நீட்டினாள். "இன்னும் இருக்கா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அங்கே வீட்டுக்காரர் பழைய பச்சைப் பொடியைத் தனக்காக ஒரு கிண்ணத்தில் கலக்கிக்கொண்டிருந்தார்.

"அக்காவுக்கு அது. எனக்கு இதுவே இருக்கட்டும்," என்றார்.