குழாய் போடாமல்

"இன்னைக்கும் ஓடி வந்தியானா, அடுத்த தடவை நீயே தனியா வா" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிட்டார் டெஜோ. டெஜோ என் வீட்டுக்காரர். சொன்ன கையோடு என் கோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நடைவழி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கோபக்காரராம்!

நான் செகெட் நகரத்தில், தலைக்கு மேலே மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடும் டிராலி பஸ் ஓட்டுகிறவள். எனக்கு வியாதி சிறுநீர்ப்பையில். கிருமி இல்லை, கல் இல்லை. பையின் உள்தோல் தேய்ந்துபோய்விட்டதாம். கொஞ்சம் நிறைந்தாலே உள்ளே யாரோ கத்தியால் கீறுவது போலிருக்கும். காரமும் ஆகாதாம். செகெட்டில் பிறந்துவிட்டு, ஊருக்கே பேர்போன, மிளகாய்ப்பொடி போட்டுக் கொதிக்கிற மீன் சூப்பைத் தொடக்கூடாது என்றால் அது ஒரு பிழைப்பா?

மருந்து உண்டு. பைக்குள் நேராக விட்டால் தேய்ந்த தோலின் மேல் பூச்சுப் போலப் படியும். ஆனால் அதை உள்ளே கொண்டுபோகக் குழாய் செருக வேண்டும். புண்ணாகிக் கிடக்கிற இடத்தில் குழாய்! ஒவ்வொரு முறையும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வருவேன். இரண்டு நாள் நெருப்பாய் எரியும். ஒருமுறை காய்ச்சலே கண்டுவிட்டது. அதற்கப்புறம் இரண்டு தடவை, குழாயைக் கண்ணால் பார்த்ததுமே கட்டிலிலிருந்து குதித்து ஓடி வந்துவிட்டேன்.

டெப்போ டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வலி அடங்காவிட்டால் இனி ஸ்டியரிங் பக்கம் போகக்கூடாது, பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளை வைத்திருக்கும் அறையில் உட்காரலாம் என்று. நானா? குடைக்குக் காவலா?

நர்ஸ் ஹய்நல்கா சின்னப் பெண். இன்று புது மாதிரி சிரிஞ்சு ஒன்றைக் காட்டினாள். ஊசியும் இல்லை, குழாயும் இல்லை. நுனியில் சுண்டு விரல் நகமளவு, நடுவில் துளையோடு ஒரு வழவழப்பான மூடி.

"இதை ஒண்ணுக்குப் போற வாசல்ல வெச்சு மெதுவா அழுத்துவேன், எமோகே அக்கா. உள்ள எதுவுமே நுழையாது. மருந்து தானா போயிடும்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வீங்க. படுத்தப்புறம்தானே தெரியும்."

படுத்தேன். வைத்தாள், அழுத்தினாள். மருந்து உள்ளே போகாமல் பீச்சியடித்துக்கொண்டு அவள் கையுறை மேலேயே வந்தது.

"அக்கா, இறுக்கிப் பிடிக்கிறீங்க."

"நான் எங்கடி பிடிக்கிறேன்? அதுவா பிடிக்குது!"

"கொஞ்சம்தான் சிந்துச்சு. ஒண்ணுக்குப் போக ஆரம்பிக்கிற மாதிரி தளர்த்துங்க."

"பட்டப்பகல்ல, மல்லாக்கப் படுத்துக்கிட்டா?"

அவள் சிரிக்கவில்லை. "மிச்சமும் வெளியே வந்துட்டா, மறுபடியும் குழாய்தான்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றாள்.

தளர்த்து, தளர்த்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனியன், இன்னும் இறுகியது. இறுகாமல் என்ன செய்யும்? பாதி ஆயுசை இதை அடக்கியே ஓட்டியிருக்கிறேன். பாலத்தின் மேல் நெரிசலில் நிற்கும்போது வந்தாலும் சரி, பனியில் மின்கம்பியிலிருந்து வண்டி கழன்று நின்றபோது வந்தாலும் சரி, கடைசி நிறுத்தம் வரை விட்டதில்லை. பிரேக்கைப் போட்டு, கடைசி ஆள் இறங்கி, கதவை மூடினால்தான் என் உடம்பு விடும். அப்படிப் பழக்கிவிட்டேன். டிரைவர்கள் எல்லோருமே இப்படித்தான்.

"கொஞ்சம் வாயை மூடிட்டு இரு" என்றேன் அவளிடம்.

கண்ணை மூடினேன். கையை நீட்டி, காற்றில் பிரேக்கை இழுத்தேன். "கடைசி நிறுத்தம். எல்லாரும் இறங்குங்க" என்று உரக்கச் சொன்னேன்.

"நானுமா?" என்றாள் ஹய்நல்கா திடுக்கிட்டு.

"நீ இருடி. உன்னைச் சொல்லலை."

மூடிய கண்ணுக்குள் சந்தைக் கூடைக்காரிகள் இறங்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். பின்சீட்டில் ஒருத்தன் எப்போதும் தூங்குவான். அவன் மட்டும் அசையவில்லை. "யோவ், எழுந்திருய்யா, வீடு வாசல் இல்லையா உனக்கு?" என்று அதட்டினேன். முனகிக்கொண்டே இறங்கிப் போனான். கதவை மூடினேன். வண்டி காலி. அடிவயிறு மெல்ல இளகியது.

"ம். ஆரம்பிடி" என்றேன்.

"முடிஞ்சிடுச்சு, அக்கா."

கண்ணைத் திறந்து பார்த்தேன். சிரிஞ்சு காலியாக இருந்தது. துணியில் ஒரு சொட்டுகூட ஈரம் இல்லை. உள்ளே லேசாக ஒரு குளிர்ச்சி, அவ்வளவுதான். எரியும் எரியும் என்று காத்துக்கொண்டே கிடந்தேன். எரியவில்லை. அந்தப் பெண்ணின் கையுறைக் கையை எடுத்து முத்தம் கொடுத்துவிட்டேன். "ஐயோ அக்கா, அது சுத்தமில்லை!" என்று பதறினாள். மருந்து கொஞ்ச நேரம் உள்ளேயே இருக்கட்டும், நடமாடலாம் என்று அனுப்பினாள்.

நடைவழிக்கு வந்தேன். என்னைத் தாங்கிப் பிடிக்க டெஜோ கோட்டோடு பாய்ந்து எழுந்தவர், பாதி வழியில் நின்றுவிட்டார். முகம் இருண்டது.

"மறுபடியும் ஓடி வந்துட்டியா?"

"யார் ஓடி வந்தா?"

"நிமிர்ந்து நடந்து வர்றியே!"

"மருந்து போட்டாச்சு."

"எங்கிட்டயே பொய் சொல்லாதே, எமோகே."

"போட்டாச்சுய்யா. உள்ளதான் இருக்கு."

என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். சுவரைப் பார்த்தார். என் கை அதில் படவேயில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, என் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பெற்ற தாயைப் புதைத்த அன்றுகூட அழாத மனுஷன்.

"சீ, எழுந்திரு. ஜனங்க பார்க்கிறாங்க" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.