இரண்டு கையாலும்

சிவப்புத் தாளில் வெட்டிய பூ ஒன்று, மஞ்சள் தாளில் ஒன்று, என் மனைவி தவமணி பசை தடவித் தடவி நூலில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள், மாலை இன்னும் பாதிதான், அந்தப் பாதி மாலையை ஏந்திக்கொண்டு என் மகன் லோஜிதன் கதவடியில் நிற்கிறான், எதிரே அவன் தங்கச்சி பவிதா, தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கும்போது அவன் இரண்டாம் வகுப்பு, அவள் முதலாம் வகுப்பு, புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு வாசலில் வைத்து மாலை போட்டு, கையைப் பிடித்து வகுப்புக்குள் கூட்டிப்போவது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வேலை, கால்கோள் விழா என்போம், அதற்குத்தான் இந்த ஒத்திகை, விடிந்ததிலிருந்து நடக்கிறது, சரியாக வரவில்லை, ஏனென்றால் பவிதா ஒரு கையால் தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை மட்டும் நெஞ்சில் வைக்கிறாள், ரெண்டு கையாலயும் கும்புடு புள்ள, ஒத்தக் கையால கும்புட்டா டீச்சர் உன்னை வீட்ட திருப்பி அனுப்பிருவா என்கிறான் லோஜிதன், அனுப்பட்டும், நான் வந்து அம்மாவோட படுப்பன், தவமணி சிரிக்கிறாள், படுப்பாய் படுப்பாய், உனக்குப் புட்டு அவிச்சுக் கொட்டத்தானே நான் இருக்கன், பிறகு போத்தலைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், இஞ்ச, பசை முடிஞ்சிட்டு, மெயின் றோட்டுக் கடையில ஒண்டு வாங்கிட்டு வாங்க என்கிறாள், நான் சைக்கிளை எடுக்கிறேன், நானும் நானும் என்று பவிதா ஓடிவந்து பாரில் ஏறிக்கொள்கிறாள், லோஜிதன் வரவில்லை, மாலையைக் கீழே வைத்தால் கசங்கிவிடுமாம்.

பசைப் போத்தல் என் கைக்கு வந்தபோது கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தார், சனங்கள் ஓடிவந்தார்கள், கடல் வருகுது என்று ஒருவர் சொன்னார், கடல் வருகிறது என்றால் என்னவென்று அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது, மழை வருகிறது என்பதுபோல அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன், பிறகு பவிதாவின் கையைப் பிடித்தேன், பிடித்தது பிடித்ததுதான், அதன் பிறகு அவள் என் கையை விடவேயில்லை, தண்ணீர் வற்றிய தெருவில் நான் ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தபோதும் விடவில்லை, தவமணியையும் லோஜிதனையும் ஒரே இடத்தில் வைத்து மூடியபோதும் விடவில்லை, முகாமில் ஒரு கையால் சாப்பிட்டாள், ஒரு கையால் குளித்தாள், நித்திரையில் என் விரலை மெல்ல உருவிப் பார்த்தால் கண் திறந்துவிடும், கனவில் சில வேளை மற்றப் பக்கத்திலும் ஒரு சின்னக் கை பிடித்திருக்கும், திரும்பிப் பார்த்தால் இல்லாமற் போய்விடும் என்று நான் திரும்பாமலே படுத்திருப்பேன்.

பள்ளிக்கூடம் தொடங்கியது, எங்கள் பள்ளிக்கூடத்தில் சுவர் மிஞ்சவில்லை, வாவிக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்காரரின் அறை ஒன்றைத் தந்திருந்தார்கள், எப்படி விடப்போகிறேன், நடக்க நடக்க இதே கேள்விதான், கையை விடாத பிள்ளையை எந்த வகுப்பில் இருத்துவது, இராசமலர் டீச்சர் முந்தின நாளே சொல்லிவிட்டா, அண்ணே, தகப்பன்மாரை உள்ள வச்சிப் படிப்பிக்க ஏலாது, கொஞ்சம் அழுவா, பிறகு சரியாயிரும், அழுதால் பரவாயில்லை, அழாமல் அப்படியே நின்றால் என்ன செய்வது, இவள் அன்றிலிருந்து அழவேயில்லையே, வெள்ளைச் சட்டை யாரோ கொடுத்தது, தோளில் வழிகிறது, என் உள்ளங்கை வியர்க்கிறது, வழுக்கிவிடும் என்று இன்னும் இறுக்கிப் பிடிக்கிறேன், வாசலில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், குட்டையான வரிசை, அதில் ஒருவனை என் கண் தேடுகிறது, தேடாதே என்று சொல்லச் சொல்லத் தேடுகிறது, ஒவ்வொருவரும் ஆளுக்கு இரண்டு மூன்று மாலை வைத்திருக்கிறார்கள், போடுவதற்குப் பிள்ளைகள் காணாது.

மாலையைக் கண்டதும் எனக்குப் பின்னால் நின்ற ஒரு தாய், டீச்சர், மாலை வேணாம், இவ்வளவு நாளும் படத்துக்குத்தான் போட்டிருக்கம், உசிரோட நிக்கிற பிள்ளைக்குப் போடுறத என்ட கண்ணால பார்க்க ஏலாது என்றா, எல்லார் வீட்டிலும் படம் இருந்தது, வீடு இல்லாதவர்களிடமும் படம் இருந்தது, தவமணிக்கு அவள் அக்காவின் கலியாண அல்பத்திலிருந்து, லோஜிதனுக்குப் பாலர் பள்ளிக் கலைவிழாவில் எடுத்தது, முகாமின் தகரச் சுவரில் இரண்டுக்கும் நானே மாலை போட்டிருக்கிறேன், போட்டவனுக்குத் தெரியும் மாலையின் பாரம், டீச்சர் மெதுவாக, அக்கா, இது வெறும் கடதாசி, பிள்ளைகள் நேத்து முழுக்க இருந்து வெட்டினதுகள், மாலை இல்லாட்டி இவங்க எப்பிடி உள்ள வாறது எண்டு அதுகள்தான் கேட்டதுகள் என்றா, அந்தத் தாய் தன் மகனைப் பின்னால் இழுத்துக்கொண்டா, நானும் இழுக்கத்தான் நினைத்தேன், இழுத்துக்கொண்டு முகாமுக்கே போய்விடலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம், அதற்குள் டிலானி வந்துவிட்டாள், லோஜிதனோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள், முன்பல் இரண்டும் இல்லை, மாலையை அகல விரித்துக்கொண்டு வந்து பவிதாவுக்கு முன்னால் நின்றாள், அந்தச் சின்னக் கழுத்தை நோக்கி மாலை வருகிறது, என் மற்றக் கை தானாக எழுந்து குறுக்கே போனது, டிலானி அண்ணாந்து பார்த்தாள், மாமா, நீங்களா ஒண்டாம் வகுப்பு, தள்ளி நில்லுங்களன், பின்னால் யாரோ சிரித்தார்கள், அழுதபடி சிரித்த சிரிப்பு, நான் குறுக்கே நீட்டிய கையை எடுத்தேன், பவிதாவைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

அப்போது அந்தக் கைக்குள் ஒரு அசைவு, நான் இறுக்கினேன், திரும்பவும் இழுபட்டது, பயந்துவிட்டாள் என்று இன்னும் இறுக்கினேன், விடுங்கப்பா என்றாள் பவிதா, ரெண்டு கையாலயும் கும்புடணும்.

விட்டேன், விட்டேனா, விரல்களை ஒவ்வொன்றாக அவள்தான் பிரித்து எடுத்தாள், என் கை அந்தரத்தில் நின்றது, அவள் இரண்டு கையையும் கூப்பித் தலை குனிந்தாள், கதவடியில் நின்றவன் சொல்லிக்கொடுத்த அளவுக்குச் சரியாக, கூடவும் இல்லை குறையவும் இல்லை, சிவப்பும் மஞ்சளுமாக மாலை கழுத்தில் விழுந்தது, அவள் தலையை நிமிர்த்தினாள், முகம் முகமாகவே இருந்தது, படமாகவில்லை, டிலானி அவளை உள்ளே கூட்டிப்போனாள், பின்னால் நின்ற தாய் தன் மகனை முன்னால் தள்ளிவிட்டா, நாங்கள் எல்லோரும் அரைச்சுவருக்கு வெளியே வரிசையாக நின்று எட்டிப் பார்த்தோம், வாங்குகள் பெரிய பிள்ளைகளுடையவை, அவளைத் தூக்கித்தான் இருத்தவேண்டியிருந்தது, டீச்சர் ஏதோ சொல்ல எல்லோரும் கரும்பலகையைப் பார்த்தார்கள், அவளும் பார்த்தாள், என் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் வாங்கின் கீழே பார்த்தேன், பவிதா எங்கே இருந்தாலும் இடது காலை மட்டும்தான் ஆட்டுவாள், ஆட்டிக்கொண்டிருந்தாள்.